வண்டி எதுவரை போகும்

"இதையெல்லாம் யாருடி படிக்கிறாங்க?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அம்மா கேட்டது சித்தியின் வெப்சைட்டைப் பற்றி. என் போனில் அதைத் திறந்து காட்டியிருந்தேன். படம் இல்லை, கலர் இல்லை, வெள்ளையில் கறுப்பு எழுத்து மட்டும். ஒரு தெருவின் பெயர், அதற்குக் கீழே நான்கு வரி: மூன்றாவது விளக்குக் கம்பம் வரை வண்டி போகும். அங்கேயே திருப்பி நிறுத்தவும். அதற்கு மேல் திருப்ப இடமில்லை. ஏழாம் எண் வீட்டில் மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, நாற்காலி எடுத்துப் போகவும்.

அம்மா இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். நாலு வருஷமாக லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தங்கை எழுதுவது இதைத்தானா என்பது அவள் முகத்தில் இருந்தது.

நான் பள்ளியை முடித்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு வாரம் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் இரண்டு தெரு தள்ளியிருந்த சித்தி வீட்டுக்கும் நடந்தே அந்த வருஷத்தைத் தேய்த்துவிட்டேன் என்று அப்பா சொல்வார். அதனால் இதில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியைப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டேன்.

சித்தி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். பதினொரு வருஷமாக அதுதான் வேலை. எங்கே போனாலும் வண்டியைத் திருப்பி, வெளியே போகும் பக்கம் பார்த்துத்தான் நிறுத்துவாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூட வாசல் பார்த்துத் திருப்பிவிட்டுத்தான் உள்ளே வருவாள். சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். ருசி எப்படி என்று கேட்டால், நல்லாத்தான் இருந்திருக்கும் என்பாள்.

அவள் பக்கத்து இருக்கையில் முதலுதவி பார்ப்பவர் ஒருவர் உண்டு. எப்போதும் சட்டைப் பையில் பஞ்சு துருத்திக்கொண்டிருப்பதால் அவருக்குப் பஞ்சு என்றே பெயர். சித்தியைவிட எட்டு வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வெப்சைட்டுக்குக் காரணம் ஒரு சந்து. ஒருநாள் காலையில் அதற்குள் வண்டியை விட்டார்கள். உள்ளே போனது சுலபம். நோயாளியை ஏற்றிய பிறகு திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் சுவர், பின்னால் ஒரு வளைவு. பஞ்சு உள்ளே நோயாளியோடு இருக்க, சித்தி கண்ணாடியை மடக்கி, கழுத்தை வெளியே நீட்டி, பதினொரு நிமிஷம் வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பதினொரு நிமிஷம் சித்திக்குள் தங்கிவிட்டது. முன்னாடியே தெரிந்திருந்தால் வெளியிலேயே நிறுத்தியிருப்பேனே என்று அன்று மட்டும் நான்கு தடவை சொன்னாளாம்.

முதலில் ஒரு நோட்டில் எழுதினாள். குளுக்கோஸ் பை ஒழுகி நோட்டு ஊறிப்போனது. பிறகு போனில் எழுதினாள். அந்தப் போன் அவள் ஓட்டிய வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியிலேயே போனது. கையில் வைத்திருப்பது கையோடு போய்விடுகிறது, எங்கிருந்து கேட்டாலும் கிடைக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

வெப்சைட் என்றால் பெரிய விஷயம் என்று நானும் நினைத்திருந்தேன். சித்தி செய்தது அப்படிப்பட்டது இல்லை. தெருவுக்கு ஒரு ஃபைல். அதில் இது தலைப்பு, இது பத்தி என்று அடையாளம் போட்டு வெறும் எழுத்தாக எழுதினாள். முதல் பக்கத்தில் எல்லாத் தெருக்களின் பட்டியல். பெயரைத் தொட்டால் அந்தத் தெருவின் பக்கம் வரும். சில வெப்சைட்டுகள் நாம் கேட்ட பிறகுதான் யோசித்து, கூட்டிக் கழித்து, பக்கத்தை உண்டாக்கித் தரும். சித்தியுடையது எழுதிவைத்த தாளை அப்படியே எடுத்து நீட்டிவிடும். அதனால்தான் வேகம். படம் போட மாட்டேன் என்பதில் கண்டிப்பாக இருந்தாள். பெரிய நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்து பச்சை வருவதற்குள் பக்கம் திறந்து, பஞ்சு அதைப் படித்து முடித்துவிட வேண்டும். அதுதான் அவள் வைத்திருந்த அளவுகோல்.

லீவு நாட்களில் சித்தப்பாவின் டேப்பை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அளக்கப் போவாள். சித்தப்பா குழாய் வேலை செய்பவர். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க அவரையும் இழுத்துக்கொண்டு போவாள். இரண்டு பேர் ஒரு வாசலை அளந்துவிட்டு மாடிப்படியை எண்ணினால் பார்ப்பவர்கள் சும்மா இருப்பார்களா? வீடு வாங்க வந்திருக்கிறார்கள் என்று ஒரு தெருவில் விலை சொன்னார்கள். இடிக்க வந்திருக்கிறார்கள் என்று இன்னொரு தெருவில் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த தடவை யாராவது கேட்டால், பீரோ வாங்கப்போறோம், உங்க வீட்டுக்குள்ள நுழையுதான்னு பாக்குறோம் என்று சொல்லிவிடப்போவதாகச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதியதை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. முதலில் ஓர் இலவச இடத்தில் வைத்தாள். அவர்கள் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தொப்பை குறைக்கும் மருந்து விளம்பரத்தை ஒட்டினார்கள். பஞ்சு அவசரத்தில் அதையும் சேர்த்துப் படித்துவிட்டார். அதன் பிறகு சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி, வீட்டு ஃப்ரிஜ் மேல் வைத்து, அதிலிருந்தே வெப்சைட்டை ஓட்டினாள். மாடியில் தண்ணீர்த் தொட்டி மாதிரி என்று சித்தப்பா எல்லோருக்கும் விளக்கினார். தொட்டி இவர்கள் வீட்டில், குழாய் ஊருக்கெல்லாம்.

ஒருநாள் அவரே டிரில்லுக்குச் சார்ஜ் போட அந்தப் பிளக்கைப் பிடுங்கினார். சித்தி அப்போது பழக்கமில்லாத ஒரு தெருவின் முனையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கம் வரவில்லை. நல்லவேளை, அகலமான தெரு. வீட்டுக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்விட்ச் மேல் ஒட்டினாள்: "தொடாதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறார்கள்."

அடுத்த வாரமே வெப்சைட்டை வெளியிடத்துக்கு மாற்றிவிட்டாள். வெப்சைட்டுகளைத் தங்கள் கம்ப்யூட்டர்களில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு கம்பெனி. பெரிய அலமாரியில் ஒரு தட்டை வாடகைக்கு எடுப்பது மாதிரி. ஃபைல்களை அங்கே ஏற்றி, சொந்தமாக ஒரு பெயரும் பதிவு செய்துகொண்டாள்.

முதல் பக்கத்தின் அடியில், தவறு இருந்தால் சொல்லவும் என்று தன் போன் நம்பரைப் போட்டிருந்தாள். நாலு வருஷத்தில் இரண்டு பேர்தான் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு ராங் நம்பர். இன்னொருவர் இன்ஷூரன்ஸ் விற்பவர். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் கருவியை அவள் பக்கத்தில் வைக்கவில்லை. அதுவும் ஒரு சுமை, வேகத்தைக் குறைக்கும் என்றாள். ஆகவே அம்மாவின் கேள்விக்குப் பதில் சித்தியிடமும் இல்லை. தானும் பஞ்சுவும் மட்டும்தான் படிப்பதாக அவள் நினைத்திருந்தாள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நான்கு மாடிக் கட்டடம். முன்வாசல் குறுகல், பக்கவாட்டில் அகலமான இரும்புக் கேட். அது எப்போதும் பூட்டியிருக்கும். இரண்டாம் மாடியில் வயதான கணவனும் மனைவியும். கணவருக்கு இதயம் சரியில்லை. ஒருமுறை அவரை இறக்கிக்கொண்டு போனபோது அந்த அம்மா, அடுத்த தடவை நேரம் வீணாக வேண்டாம் என்று, பக்கவாட்டு கேட்டின் சாவி கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று சித்தியிடம் சொன்னார். சித்தி வீட்டுக்கு வந்ததும் அதை எழுதி ஏற்றிவிட்டாள். இது மாதிரி வேறு கட்டடங்களிலும் சொல்லியிருந்தார்கள். பூந்தொட்டிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டின் இரண்டாம் தட்டில், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில். எல்லாவற்றையும் எழுதினாள்.

இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஊரிலேயே ஜாக்கிரதையான டிரைவர் அவள். ஆனால் வெப்சைட்டை அவள் எப்போதும் தன் போனில்தான் பார்த்தாள், போன் தன் சட்டைப் பையில் இருந்தது. சட்டைப் பையில் இருப்பது தன்னுடையது என்றே நினைத்துவிட்டாள். விலாசம் சொன்னால்தானே யாரும் வருவார்கள் என்பது அவள் கணக்கு. இன்டர்நெட்டில் தேடித் தரும் இயந்திரங்கள் யாரும் கூப்பிடாமலே வந்து எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டுப் போகும் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்தக் கட்டடத்தில் ஒரு வாரத்தில் இரண்டு சைக்கிளும் தண்ணீர் மோட்டாரும் காணாமல் போயின. பூட்டு உடைபடவில்லை. கேட்டைத் திறந்து கொண்டுபோய், மறுபடி பூட்டிவிட்டும் போயிருந்தார்கள். திருடியவர் சித்தியின் பக்கத்தைப் படித்தாரா, கட்டடத்துக்கு வந்துபோகும் ஆளா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் கட்டடத்தின் செயலாளர், காலியாக இருந்த ஒரு வீட்டை வாடகைக்கு விட விளம்பரம் கொடுத்துவிட்டு, அது வந்திருக்கிறதா என்று கட்டடத்தின் பெயரைப் போட்டுத் தேடினார். விளம்பரம் வரவில்லை. சித்தியின் பக்கம் வந்தது.

அவர் அதை அச்செடுத்து, சாவி வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டு, ஆம்புலன்ஸ் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

முதல் பக்கத்தில் இருந்த போன் நம்பர் யாருடையது என்று பார்த்ததும் மேனேஜர் சித்தியை உள்ளே கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சு எல்லாவற்றையும் கேட்டார். மேனேஜர் கத்தவே இல்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்று பஞ்சு சொன்னார்.

"உங்க நல்ல எண்ணம் எனக்குப் புரியுதும்மா. ஆனா திங்கக்கிழமை காலையில அது இருக்கக் கூடாது. அது இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க."

சித்தி சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். "வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, இப்போ குத்துது குடையுதுன்னா? உன்னை யாரு எழுதச் சொன்னது?" சித்தப்பாதான், அவ குத்துதுன்னு இன்னும் சொல்லவே இல்லையே அண்ணி என்றார்.

சனிக்கிழமை சித்தி அந்தக் கட்டடத்துக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். பக்கவாட்டு கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. இரண்டாம் மாடி அம்மாவிடம் அக்கம்பக்கத்தில் யாரும் பேசுவதில்லை என்பது படியேறும்போதே தெரிந்தது. அவர் பெயரைச் சொன்னதும் தரைத்தளத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. சித்தி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்த அம்மா கேட்டுக்கொள்ளவில்லை.

"சொன்னது நானு, எழுதுனது நீ. நாம ரெண்டு பேரும் ஒண்ணு நெனச்சோம். திருட வந்தவன் வேற நெனச்சான். அதை விடு. இனிமே இவருக்கு ஏதாவதுன்னா கேட்டை யாரு வந்து தெறப்பா? அதைச் சொல்லு."

உள்ளே அவர் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளின் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி எல்லா ஃபைல்களையும் அந்த வாடகை அலமாரியிலிருந்து நீக்கினாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நீக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷ வேலை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. முதல் பக்கத்தை மட்டும் விட்டாள். பட்டியலை எடுத்துவிட்டு, "இந்தத் தளம் நிறுத்தப்பட்டது" என்று எழுதினாள். அடியில் இருந்த போன் நம்பரை எடுக்க மறந்துவிட்டாள்.

பத்தரை மணிக்கு முதல் போன் வந்தது. சிலிண்டர் போடுகிறவர். எந்தக் கட்டடத்தில் எத்தனை படி என்று பார்த்துத்தான் காலையில் எந்தத் தெருவை முதலில் முடிப்பது என்று முடிவு செய்வாராம், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சித்தி அவர் யாரென்றே புரியாமல், சிலிண்டர் இன்னும் தீரலைங்க என்றாள். மதியத்துக்குள் இன்னும் நான்கு பேர். வீடு வீடாகப் போய்ப் பிரசவமானவர்களைப் பார்க்கும் நர்ஸ். தீயணைப்பு வண்டி டிரைவர். சக்கர நாற்காலியில் போகும் ஒருவர். எந்தக் கட்டடத்துக்குத் தன்னால் தனியாகப் போக முடியும் என்று இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வதாகச் சொன்னார். வேறொரு ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர் சற்றுக் கோபமாகவே பேசினார். சொல்லாமல் நிறுத்தினால் எப்படி என்றார்.

சித்தி போனைக் கீழே வைத்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. இத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்றால் சாவி வரிகளையும் இத்தனை பேர் படித்திருக்கிறார்கள். அதைத்தான் முதலில் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே கோபக்கார டிரைவரிடமிருந்து போன். பின்னால் சைரன் சத்தம். இந்தத் தடவை கோபம் இல்லை.

"அக்கா, அந்தச் சந்து முனையில நிக்கிறேன். உள்ள விடவா, வேணாமா?"

எந்தச் சந்து என்று அவர் பெயரைச் சொல்லும் முன்பே சித்திக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. அவள் பதினொரு நிமிஷம் வண்டியைப் பின்னாலேயே ஓட்டி வந்த அதே சந்து.

"ரொம்ப உள்ள விடாத. மூணாவது கம்பத்துக்கு மேல போகாத. அங்கேயே திருப்பி நிறுத்து. எந்த வீடு?"

"ஏழு."

"படி வளைவுல ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நாற்காலி எடுத்துக்கோ. பதினாறு படி, கடைசிப் படி உயரம் ஜாஸ்தி, தடுக்கும்."

போன் வைக்கப்பட்டது. சித்தி தட்டில் இருந்ததை முடிக்கவில்லை. நான் அவளைப் பார்த்த இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைதான். இருபது நிமிஷம் கழித்து, ஏத்தியாச்சு அக்கா என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து கை கழுவினாள்.

அன்று மாலையே லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாப் பக்கமும் அதில் பத்திரமாக இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து சாவி என்ற சொல் வரும் வரிகளைத் தேடினாள். நாற்பத்தொன்று கிடைத்தது. எல்லாவற்றையும் அழித்தாள். அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் கஷ்டம். சாவி எங்கே என்று எழுதக் கூடாது. யாரைக் கூப்பிட்டால் திறப்பார்கள் என்று எழுதலாம். ஆனால் அதற்கு அவர்கள் சம்மதிக்க வேண்டும். நாற்பத்தொரு கட்டடத்துக்கும் மூன்று வாரம் நடந்தாள். அளக்க வேண்டியதில்லை என்றாலும் சித்தப்பா பழக்கத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் செயலாளர் தன் நம்பரைப் போடச் சொன்னார். நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் என்று சித்தி கேட்டாள். அவர் யோசித்தார். அப்போது தரைத்தளத்துக் கதவு திறந்தது. அன்று சாத்திக்கொண்ட அதே கதவு. சைக்கிள்களைப் பறிகொடுத்தவர் அவர்தான்.

"என் வீட்டு மணிய அடிக்கச் சொல்லி எழுதிக்கோங்க. சைக்கிள் போச்சு, மோட்டாரும் போச்சு. இனிமே எங்கிட்ட போறதுக்கு ஒண்ணும் இல்ல. எப்பவும் வீட்லதான் இருப்பேன்."

செயலாளர் ஒரு சாவியை அவரிடம் கொடுக்கச் சம்மதித்தார். சற்று முகம் சுளித்தபடிதான்.

பக்கங்களை மறுபடி ஏற்றுவதற்கு முதல் நாள் சித்தி தானே போய் மேனேஜரிடம் சொன்னாள். நாளைக்கு ஏற்றப்போகிறேன், ஆபீஸ் பெயர் அதில் எங்கும் இல்லை, சாவி எதுவும் இல்லை, உங்களுக்கு முன்பே தெரிய வேண்டும் என்று வந்தேன் என்றாள். அவள் கொண்டுபோன லேப்டாப்பைத் திறந்து அவர் பத்துப் பக்கம் பார்த்தாராம். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவளை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை மாற்றும் வண்டிக்குப் போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் அகலமான வாசல், சரிவுப் பாதை, நேரான சாலை. எந்தச் சந்தும் இல்லை. அதாவது, தான் எழுதிய பக்கங்களில் ஒன்றுகூட இப்போது சித்திக்குத் தேவையில்லை.

தண்டனையா அது என்று பஞ்சுவிடம் கேட்டேன். அவர் இன்னும் பழைய வண்டியில்தான் இருக்கிறார், வேறொரு டிரைவரோடு. சிவப்பு விளக்கில் இப்போதும் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்கிறாராம். "அக்கா குரல்லதான் படிக்கிறேன்னு அந்த ஆளு கிண்டல் பண்றான்" என்று மட்டும் சொன்னார்.

சித்தி லீவு நாட்களில் இன்னும் அளக்கப் போகிறாள். பக்கங்கள் முந்நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டன. எண்ணும் கருவியை இப்போதும் வைக்கவில்லை. அம்மாவும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. போன மாதம் ஒருநாள் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, பழைய துணி டேப்பால் வளைவை அளந்துகொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். உங்க சித்தி நம்ம வீட்டையே இன்னும் எழுதலடி என்றாள்.

என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. இதை எழுதியதும் அதனால்தான். இந்தக் கதையை உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டாம். வண்டி ஓட்டும் ஒருவருக்கோ, சுமை தூக்கும் ஒருவருக்கோ, சந்துக்குள் குடியிருக்கும் ஒருவருக்கோ சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் வண்டி எதுவரை வரும், எங்கே திரும்பும் என்று அளந்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதியும் வையுங்கள். சாவி இருக்கும் இடத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்.